டாக்டரின் மௌனம் யாருக்குக் காவல்?

'டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் எதையும் ஒளிக்காதே'ன்னு நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஏன்? அங்கே சொல்வது அந்த நாலு சுவரைத் தாண்டாது என்கிற தைரியம்தான். மூல வியாதியோ, குடிப் பழக்கமோ, தாம்பத்தியச் சிக்கலோ... கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததை வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரிடம் கொட்டிவிட்டு வருகிறோமே, அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் நடக்குமா?

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவன், 'டாக்டர், அவளை நான் கொல்லத்தான் போறேன்' என்று சொல்கிறான். டாக்டர் அதையும் நாலு சுவருக்குள்ளேயே வைத்துப் பூட்ட வேண்டுமா?

'இதென்ன கேள்வி! உடனே அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டாமா?' என்று பதறுவீர்கள். நியாயம்தான்.

இப்போது அதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். அந்தப் பையன் உங்கள் பையன். ராத்திரியெல்லாம் தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு கிடந்தவனைக் கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் அழைத்துப் போனதே நீங்கள்தான். அங்கே அவன் ஆத்திரத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டான். அதை டாக்டர் போலீஸுக்கும் பெண் வீட்டாருக்கும் சொல்லிவிட்டார். இப்போது என்ன சொல்வீர்கள்? 'நம்பி வந்தவங்களைக் காட்டிக் குடுத்துட்டாரே'ன்னு தோன்றாதா?

தொண்டையில் மீன்முள் மாட்டிய மாதிரி இருக்கிறதல்லவா? இந்த முள்ளை எடுக்கத்தான் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் ஒரே வழக்கை இரண்டு தடவை விசாரித்தது. அந்த வழக்கின் மையத்தில் இருந்தவர் நம் நாட்டிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவர்.

பெர்க்லியில் நடந்தது

1967-ம் வருஷம் செப்டம்பரில் வங்காளத்திலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குக் கப்பல் கட்டுமானப் படிப்பு படிக்கப் போனார் புரசன்ஜித் போதார். வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் விடுதியில் ஜாகை. மறு வருஷம் அங்கே நடந்த நாட்டுப்புற நடன வகுப்பில் டாட்டியானா தாராசோஃப் என்ற பெண் அறிமுகமானார். வாராவாரம் பார்த்துக்கொண்டார்கள். வருஷப் பிறப்புக்கு முதல் நாள் இரவு அந்தப் பெண் ஒரு முத்தம் கொடுத்தார். அந்த ஊரில் புது வருஷ முத்தம் சகஜம். ஆனால் நம் மாணவர் அதைக் காதல் என்றே முடிவு கட்டிவிட்டார். அப்படியெல்லாம் எண்ணம் இல்லை என்று அந்தப் பெண் வெளிப்படையாகவே சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த இளைஞர் இடிந்துபோனார். படிப்பு போயிற்று. உடம்பைக் கவனிக்கவில்லை. தனியாக உட்கார்ந்து அழுவார். பேச்சு கோர்வையில்லாமல் போனது. எப்போதாவது அந்தப் பெண்ணைச் சந்திக்கும்போது இருவரும் பேசுவதை டேப்பில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஏன் தன்னைக் காதலிக்க மறுக்கிறாள் என்று ஆராய்ந்தாராம். 1969 கோடையில் டாட்டியானா பிரேசிலுக்குப் போயிருந்த சமயம், ஒரு நண்பர் சொன்னதன் பேரில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சைக்குச் சேர்ந்தார். டாக்டர் லாரன்ஸ் மூர் என்கிற உளவியல் நிபுணரிடம் போய் வந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் மாதம் அவரிடம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். 'அவள் ஊரிலிருந்து திரும்பியதும் கொல்லப் போகிறேன்.' பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரென்று எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

மூர் சும்மா இருக்கவில்லை, கவனியுங்கள். சக டாக்டர்கள் இருவரைக் கலந்து பேசினார். இவரை மனநல மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று முடிவு செய்து வளாகப் போலீஸுக்கு வாய்மொழியாகவும் கடிதம் மூலமாகவும் தெரிவித்தார். போலீஸார் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்தார்கள். அவர் தெளிவாகப் பதில் சொன்னார். 'அந்தப் பெண் பக்கமே போக மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தார். விட்டுவிட்டார்கள்! அதோடு போயிற்றா? மனநலப் பிரிவின் தலைமை டாக்டர், மூர் எழுதிய கடிதத்தைத் திருப்பி வாங்கச் சொன்னார். பிரதிகளையும் சிகிச்சைக் குறிப்புகளையும் அழித்துவிடச் சொன்னார். அவரை அடைத்து வைக்க இனி எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்றும் உத்தரவிட்டார்.

போதார் அதற்குப் பிறகு சிகிச்சைக்கு வரவில்லை. டாட்டியானாவின் தம்பியையே பேசி இணங்க வைத்து, அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஜாகையில் சேர்ந்து தங்கினார். பெண் ஊர் திரும்பினாள். 1969 அக்டோபர் 27. அந்த வீட்டுக்கு அவர் போனபோது டாட்டியானா இல்லை. அம்மாதான் இருந்தார். 'போய் வா' என்று திருப்பி அனுப்பிவிட்டார். சிறு துப்பாக்கியும் சமையலறைக் கத்தியுமாக அவர் மறுபடி வந்தபோது அந்தப் பெண் தனியாக இருந்தாள்...

மேலே விவரிக்க வேண்டாம். கொன்ற பிறகு போலீஸுக்குப் போன் செய்தவரும் அவரேதான்.

இந்தக் கதையில் என் மனசை அறுக்கிற இடம் எது தெரியுமா? அந்த அம்மா வாசலில் நின்று அவரைத் திருப்பி அனுப்பினாரே, அந்த நிமிஷம். ஊரில் இத்தனை டாக்டர்களுக்குத் தெரியும். போலீஸுக்குத் தெரியும். எழுதிய காகிதம்கூட இருந்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாது! தெரிந்திருந்தால் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருப்பாரே. மகளைத் தனியாக விட்டிருப்பாரா? அந்தத் தம்பி அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருப்பானா?

நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு

பெற்றவர்கள் பல்கலைக்கழகத்தின் மீதும் டாக்டர்கள் மீதும் போலீஸ் மீதும் வழக்குப் போட்டார்கள். 'எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்பதுதான் அவர்கள் கேட்டது. 'நோயாளிக்குத்தான் நாங்கள் கடமைப்பட்டவர்கள், அந்தப் பெண் எங்கள் நோயாளியே அல்ல' என்பது மறுதரப்பின் வாதம்.

1974-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், எச்சரிக்க வேண்டியது டாக்டரின் கடமை என்று தீர்ப்புச் சொன்னது. மருத்துவ உலகம் கொதித்தெழுந்தது. வழக்கை மறுபடி விசாரித்து 1976 ஜூலையில் வந்த தீர்ப்புதான் இன்றைக்கும் உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளிலும் மனநல வகுப்புகளிலும் பாடம். நீதிபதி மேத்யூ டோப்ரினர் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: பொதுஜனத்துக்கு ஆபத்து எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே ரகசியக் காப்பு முடிந்துவிடுகிறது. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுப்பது சிகிச்சை தருபவரின் கடமை. அவரை எச்சரிப்பதோ, போலீஸுக்குச் சொல்வதோ, நிலைமைக்கு ஏற்ற வேறு ஏற்பாடோ... எது தேவையோ அது.

'எச்சரிக்க வேண்டும்' என்றிருந்தது 'காப்பாற்ற முயல வேண்டும்' என்று மாறியதைக் கவனித்தீர்களா? சின்ன மாற்றம்தான். ஆனால் பெரிய விஷயம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

எல்லா நீதிபதிகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நீதிபதி கிளார்க் எதிர்த்தே எழுதினார். ரகசியம் வெளியே போகும் என்று தெரிந்தால் சிகிச்சை தேவைப்படுகிறவன் வரவே மாட்டான். வந்தாலும் வாயைத் திறக்க மாட்டான். சிகிச்சை இல்லாமல் அவன் இன்னும் ஆபத்தானவனாவான். டாக்டர்களும் பயந்துகொண்டு தேவையில்லாதவர்களையெல்லாம் பிடித்து அடைப்பார்கள் என்பது அவர் வாதம். இன்னொரு நீதிபதி மாஸ்க், 'எவன் வன்முறையில் இறங்குவான் என்று முன்கூட்டிச் சொல்கிற சக்தி மனநல மருத்துவத்துக்கே கிடையாதே' என்று கேட்டார். இந்த வழக்கில் டாக்டரே ஆபத்து என்று முடிவு செய்துவிட்டார். அந்த மட்டில்தான் எனக்குச் சம்மதம் என்றார்.

இதெல்லாம் அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய வாதங்கள் அல்ல. அமெரிக்காவிலேயே எல்லா மாநிலங்களும் ஒரே பாதையில் போகவில்லை. கலிஃபோர்னியா 1985-ல் சட்டம் போட்டு, அடையாளம் காணக்கூடிய ஒரு நபருக்கு எதிராக நோயாளி கடுமையான மிரட்டல் விடுத்தால்தான் இந்தக் கடமை என்று எல்லையைச் சுருக்கியது. டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம் 1999-ல் இப்படியொரு கடமையே எங்கள் மாநிலத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 2016-ல் வந்த தீர்ப்போ எதிர்த் திசையில் போய், பெயர் சொல்லி மிரட்டாவிட்டாலும் ஆபத்து வரும் என்று ஊகிக்கக்கூடியவர்களையும் காக்க வேண்டும் என்றது. 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எச்சரிப்பதைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் கொலைகள் சுமார் 5 சதவிகிதம் கூடியதாகக் கணக்குக் காட்டியது. ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் கிளார்க் சொன்ன பயம் வெறும் கற்பனை இல்லை என்று அது காட்டுகிறது.

போதார் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். ஜூரிகளுக்கு நீதிபதி தந்த விளக்கத்தில் குறை இருந்தது என்று 1974-ல் அந்தத் தண்டனை ரத்தாயிற்று. மறுவிசாரணை நடக்கவில்லை. இந்தியாவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலையானார். பெற்றவர்கள் போட்ட வழக்கு கடைசியில் சமரசமாக முடிந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

'அதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம். நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நமக்கும் சட்டம் இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம்.

அதன் 23-வது பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவருக்கு ரகசியம் ஓர் உரிமை என்கிறது. டாக்டரின் பெருந்தன்மை அல்ல, உரிமை! அதே பிரிவு விதிவிலக்குகளையும் சொல்கிறது. வேறொருவரைத் தீங்கிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காப்பாற்ற அவசியமானால் விஷயத்தைச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். பொதுமக்கள் பாதுகாப்புக்காகச் சொல்லலாம். அப்படிச் சொல்லும்போதும் அந்த ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

டாக்டர்களுக்கான 2002-ம் வருஷத்து நடத்தை விதிகளும் இதையொட்டித்தான் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ தீவிரமான, இன்னதென்று தெரிந்த ஆபத்து இருந்தால் ரகசியத்தை உடைக்கலாம்.

நம் உச்ச நீதிமன்றமே 1998-ல் இதையொத்த ஒரு வழக்கைப் பார்த்திருக்கிறது. ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது வெளியே தெரிந்து, நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. 'ரகசியத்தை உடைத்துவிட்டார்கள்' என்று அவர் ஆஸ்பத்திரி மீது வழக்குப் போட்டார். ரகசியம் காப்பது முக்கியம்தான். ஆனால் மணக்கப் போகும் பெண்ணின் உயிரும் ஆரோக்கியமும் அதைவிட முக்கியம் என்று நீதிமன்றம் சொல்லி அவர் கோரிக்கையைத் தள்ளியது.

இதையெல்லாம் படித்தால் ஓர் ஓட்டை தெரிகிறதா? எங்கே பார்த்தாலும் 'சொல்லலாம்', 'சொல்லலாம்'. 'சொல்லியே ஆக வேண்டும்' என்று மனநலச் சட்டத்தில் இல்லை. கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போவதும் போகாததும் டாக்டரின் இஷ்டம். சொன்னால் நோயாளி வழக்குப் போடுவாரோ என்ற பயம். சொல்லாவிட்டால் கேட்பாரில்லை. மனுஷ சுபாவம் எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என் கட்சி

என் கருத்தைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். 'சொல்லலாம்' போதாது. குறிப்பிட்ட ஓர் உயிருக்கு நிஜமான ஆபத்து என்று டாக்டர் மனசார நம்பினால், அந்த உயிரைக் காக்க முயல்வது அவருடைய கடமை என்று நம் சட்டமும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கடமை குறுகலாக இருக்க வேண்டும். ரொம்பவும் குறுகலாக.

ஏன் குறுகல்? முதல் காரணம், கோபத்தில் நாம் எல்லோருமே 'உன்னைக் கொன்னுடுவேன்' என்கிறோம். பிள்ளையைப் பார்த்து, 'தோலை உரிச்சுடுவேன்' என்று சொல்லாத அம்மா உண்டா? மனநல டாக்டரின் அறையில் ஆத்திரம் கொட்டப்படுவது இயற்கை. கொட்டுவதற்குத்தானே அந்த அறை! பெரும்பாலும் கொட்டினாலே ஆத்திரம் தணிந்துவிடும். வெறும் ஆத்திரத்துக்கும் 'எப்போது, எப்படி, எதை வைத்து' என்று திட்டத்தோடு பேசுவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் டாக்டர். ஆயுதம் கைவசம் இருக்கிறதா, முன்பு யாரையாவது அடித்திருக்கிறானா, குடியோ போதையோ உண்டா, அந்தப் பெண்ணைப் பின்தொடர்கிறானா... இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். மனநோய் உள்ளவர் என்றாலே கல்லெடுத்து அடிப்பவர் என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. சுத்தப் பொய்! மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதே இல்லை. அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடிபடுகிறவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள். பூட்டிய அறையிலும் சங்கிலியிலும் வைத்து அவர்களை நாம்தான் கொடுமைப்படுத்தியிருக்கிறோம். ஊரில் நடக்கிற வன்முறையில் பெரும்பங்கு செய்கிறவர்கள் எந்த மனநல டாக்டரையும் எட்டிக்கூடப் பார்க்காத, 'நார்மல்' ஆசாமிகள். ஆகவே கடமையை அகலமாக்கினால் பாவம், ஒரு தவறும் செய்யாத நோயாளிகளின் தலையில்தான் விடியும்.

குறுகலான கடமை என்றால் எப்படி? ஆபத்துக்குள்ளாகிறவர் இன்னார் என்று தெரிய வேண்டும். மிரட்டல் உயிருக்கோ உடம்புக்கோ கடும் சேதம் விளைவிப்பதாக இருக்க வேண்டும். அதைச் செய்து முடிக்கக்கூடிய நிலையில் நோயாளி இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கடமை.

கடமை என்பதும் போனை எடுத்து ஊரைக் கூட்டுவதல்ல. 'எச்சரிப்பது' வேறு, 'காப்பாற்றுவது' வேறு என்றேனே, ஞாபகம் இருக்கிறதா? காப்பாற்றுவதற்குப் பல படிகள் உண்டு. மருந்தைக் கூட்டலாம். தினமும் வரச் சொல்லலாம். வீட்டாரைக் கூப்பிட்டுக் கத்தி கபடாவை அப்புறப்படுத்தச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். இதில் எதுவும் உதவாது என்கிறபோது போலீஸும் ஆபத்துக்குரியவரும். அப்போதும் 'உங்களுக்கு இன்னாரால் ஆபத்து இருக்கிறது, ஜாக்கிரதையாக இருங்கள்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அதிகம் வேண்டாம். அவனுக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை, சின்ன வயசில் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்கட்டும்.

நல்லெண்ணத்தோடு இப்படிச் சொன்ன டாக்டர் மீது வழக்கு கிடையாது என்ற பாதுகாப்பும் அதே சட்டத்தில் வேண்டும். கூடவே எல்லாப் படியையும் ஏறியும் அசம்பாவிதம் நடந்துவிட்டால் டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவர் ஜோசியர் அல்ல.

'இப்படிச் செய்தால் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்களே?' என்கிறீர்களா? அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. முதல் நாளே சொல்லிவிடுவது! 'நீங்க சொல்றது எல்லாம் என்னோடு இருக்கும். ஒரே ஒரு விஷயம். உங்க உயிருக்கோ வேறொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் என்னாலே சும்மா இருக்க முடியாது.' இதைக் கேட்டு எத்தனை பேர் எழுந்து போவார்கள்? உள்ளுக்குள் கொந்தளிக்கிறவர்களில் பலர், யாராவது தன்னைத் தடுக்க மாட்டார்களா என்று ஏங்கித்தான் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்கிறார்கள். கொல்வதில் உறுதியாக இருப்பவன் எதற்காக டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? சொன்னான் என்றால் அவனுக்குள் ஒரு பாதி, 'என்னைப் பிடிச்சு நிறுத்துங்க' என்று கெஞ்சுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அவனைத் தடுப்பது அவனுக்குச் செய்கிற துரோகமா? இருவரில் ஒருவர் பிணமாகவும் இன்னொருவர் கொலைகாரராகவும் ஆகாமல் காப்பாற்றுகிற வைத்தியம் அது.

நம் வீட்டுக் கோணல்

இனி உங்களிடமே வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரகசிய விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு விசித்திரமான கோணல் இருக்கிறது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிறோம். சொல்லியே தீர வேண்டியதை மூடி மறைக்கிறோம்!

மருமகள் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது நாத்தனார், ஓரகத்தி, பால்காரர் வரைக்கும் போய்விடுகிறது. டாக்டரின் அறைக்குள் நோயாளியோடு சேர்ந்து நாலு பேர் நுழைகிறோம். அவள் வாயைத் திறக்குமுன் மாமியார் பதில் சொல்கிறார். அவள் மாத்திரை சாப்பிடுவதால் யாருக்கு என்ன ஆபத்து? ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரகசியம் கல்யாண மண்டபம் வரை போகிறது.

இன்னொரு பக்கம், வீட்டுப் பையன் ஒரு பெண்ணின் பின்னாலேயே சுற்றுகிறான். அவள் பஸ் ஏறும் நேரம், இறங்கும் இடம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். 'எனக்குக் கிடைக்காதவ யாருக்கும் கிடைக்கக் கூடாது' என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்கிறான். கேட்ட அம்மா என்ன செய்கிறார்? 'ஷ்... மெதுவா பேசு, அப்பா காதுலே விழப் போகுது!' அவ்வளவுதான். அப்பா காதில் விழுந்தாலும், 'வயசுக் கோளாறு, கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பார். 'ஒருதலைக் காதல்' என்று நம் பத்திரிகைகள் பேர் வைத்து எழுதுகிற சாவுச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், அதற்கு முன்னால் எத்தனை பேர் காதில் அந்த வார்த்தை விழுந்திருக்கும் என்று. டாக்டருக்குக் கடமை வேண்டும் என்று சட்டத்தைக் கேட்கிறோமே, வீட்டுக்குக் கடமை இல்லையா?

கலிஃபோர்னியாவில் 2004-ல் ஒரு தீர்ப்பு வந்தது. மகன் விட்ட மிரட்டலை அப்பா போய் டாக்டரிடம் சொன்னார். நோயாளியே நேரில் சொல்லாவிட்டாலும், வீட்டார் மூலம் தெரிந்தாலும் டாக்டருக்குக் கடமை உண்டு என்றது அந்த நீதிமன்றம். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. வீட்டில் கேட்டதை டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். 'இப்படிப் பேசுறான் டாக்டர், எனக்குப் பயமா இருக்கு' என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அது பிள்ளையைக் காட்டிக் கொடுப்பது ஆகாது.

சொன்னால் என்ன நடக்கும் என்ற பயம் இருக்குமே, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். மனநலச் சட்டப்படி நோயாளி தனக்கென்று ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். நியமிக்காவிட்டால் பெரும்பாலும் வீட்டார்தான் அந்தப் பிரதிநிதி. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருப்பவரை, அவரால் சுயமாக முடிவெடுக்க முடியாத கட்டத்தில், பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 89-வது பிரிவின்படி 30 நாள் வரை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். மனநல மருத்துவர் உள்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சம்மதிக்க வேண்டும். நினைத்தபோது பிடித்து அடைக்க முடியாது. அவசரம் என்றால் பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். மனநோயால் ஆபத்தான நிலையில் இருப்பவரைப் போலீஸ் அழைத்துப் போனால் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். 'போலீஸ்னா அடிச்சு உள்ளே தள்ளிடுவாங்க' என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லையா? 'டெலி மானஸ்' என்ற அரசின் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மிரட்டப்படுகிற இடத்தில் நீங்கள் இருந்தால் 112, பெண்களுக்கு 181. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது தனிக் குற்றம். 'பெண்ணோட பேரு கெட்டுடும்' என்று அதையும் மறைத்துவிடாதீர்கள்.

பெர்க்லியில் அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு போன் வந்திருந்தால் போதும். இத்தனை தீர்ப்பும் சட்டமும் பாடப் புத்தகமும் தேவைப்பட்டிருக்காது. அந்த மாணவரும் சிகிச்சை முடித்து, படித்த படிப்புக்குக் கப்பல் கட்டப் போயிருக்கலாம்.

ரகசியம் நல்ல வேலி. பயிரைக் காக்கிற வரைக்கும் அது இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கிணற்றில் விழப் போகும்போதும் 'வேலியைத் தாண்ட மாட்டேன்' என்று நிற்கலாமா? டாக்டர்களுக்குச் சட்டம் இதைச் சொல்ல வேண்டும். நமக்கு மனசாட்சி சொன்னால் போதாதா?